எனக்கு மட்டும் சொன்ன தொழில்

"என்னய சார்னு கூப்புடாதீங்க. சாருங்கிறவரு பாடத்த நடத்திட்டு வீட்டுக்குப் போயிருவாரு. நான் உங்க கூடவே வாரவன். அண்ணேனு கூப்புடுங்க."

பயிற்சியின் முதல் நாள் காலையில் எங்கள் பயிற்சியாளர் சொன்னது இது. முப்பது பேரும் ஒரே குரலில் "சரிண்ணே" என்றோம். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்வதைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வாடிப்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர் என்னுடையது. வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் களைவெட்டுகிற மெஷினும் பழுது பார்க்கும் கடை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். தனியாகத் தொழில் செய்யலாம் என்று தோன்றியபோது, மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்த ஒரு மாதத் தொழில் முனைவோர் பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே சான்றிதழ் வாங்கினால் வங்கிக் கடன் சுலபம் என்றார்கள். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு இரண்டு பஸ் மாறிப் போவேன்.

முதல் வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் அப்படிப் பேசினார். "மாசச் சம்பளத்துக்குன்னே பொறந்தவங்க மட்டும் கையத் தூக்குங்க பாப்பம்" என்பார். ஒருவரும் தூக்கமாட்டோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே சொல்லிக் காட்டுவேன். "பொழுதன்னிக்கும் கையத் தூக்கச் சொல்றதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போற?" என்பாள் அம்மா.

பக்கத்து நாற்காலிக்காரன் மேலூர்க்காரன். அவன் அப்பா கல்குவாரியில் லாரி ஓட்டியவர். முதல் நாளே என் டப்பாவில் கைவிட்டு, "என்ன மாப்ள, தெனமும் கத்திரிக்காதானா? உங்கூருல வேற செடியே மொளைக்காதா?" என்றான். அதிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவன் தோற்றுப்போன தேர்வுகள், பேசாமல் போய்விட்ட ஒரு பெண், அப்பாவின் முதுகுவலி எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

மூன்றாவது வாரம் அண்ணன் ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். பைக்கில் சாமான்களை வைத்துக்கொண்டு வயலுக்கே போய் ஸ்பிரேயரும் மோட்டாரும் பழுது பார்க்கப் போகிறேன். எங்கள் பக்கம் மெஷின் ரிப்பேரானால் சரிசெய்ய ஒரு நாள் கெடுகிறது. யார் யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும் என்றேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, இரக்கமாகச் சிரித்தார்.

"ஏந்தம்பி, டிப்ளமா படிச்சிட்டு ஆயில் கையோட வரப்புல உக்காரப் போறியா? மொதலாளி ஆக வந்தியா, மெக்கானிக்கா போக வந்தியா?"

மேசை டிராயரைத் திறந்து ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பாக்குமட்டைத் தட்டு. ஓரத்தில் நெளிநெளியாக மடிப்பு, நடுவில் எட்டு இதழ்த் தாமரை.

"பிளாஸ்டிக்க தடை பண்ணியாச்சு. இனி இதுதான். இந்தத் தாமரை அச்சு உனக்குன்னே செய்யச் சொல்றேன். ஒன் மூஞ்சியப் பாத்ததும் எனக்குத் தோணிருச்சு, இது ஒனக்கான தொழில்னு. வேற ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல. நீயும் வாயத் தொறந்துறாத. பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறவந்தான் மொதல்ல ஐடியாவத் திருடுவான்."

தட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அடுத்து மேலூர்க்காரன் நின்றான். "என்ன மாப்ள சொன்னாரு?" என்றான்.

"சும்மா, பொதுவாப் பேசுனாரு."

அவன் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது நானும் கேட்டேன். "அதேதான் மாப்ள, பொதுவா" என்றான்.

எங்கள் ஆட்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போர்வெல் போட முடிவு செய்தால் வண்டி வந்து நிற்கும் வரை அடுத்த தோட்டத்துக்காரருக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போகிறவர்களைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் "சும்மா இங்கனதான்" என்பார்கள். நடக்கப் போகிற நல்லதை நடக்கும் முன்னால் சொன்னால் கண்பட்டுக் கெட்டுவிடும் என்பது எங்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. மேலூர் பக்கமும் அப்படித்தான், உசிலம்பட்டி பக்கமும் அப்படித்தான். அண்ணன் புதிதாக எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருந்த பூட்டின் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசி வாரம் சந்தை ஆய்வு. அவரவர் பொருளைப் பற்றி இருபத்தைந்து கடைக்காரர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். "அதெல்லாம் பேங்குக்குக் காட்டத்தாம்ப்பா. வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிராதீக. இங்கனயே நெரப்பிக் குடுங்க" என்றார் அண்ணன். கீழே டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினோம். ஒரே கையெழுத்தாக இருக்கக் கூடாதே என்று மேலூர்க்காரனின் தாள்களில் நானும் என் தாள்களில் அவனும் எழுதினோம். இடது கையாலும் கொஞ்சம் எழுதினோம். 'பொருளின் பெயர்' என்ற கட்டத்தை மட்டும் இருவருமே காலியாக விட்டுக் கொடுத்திருந்தோம். 'இப்பொருளை வாங்குவீர்களா?' என்ற கேள்விக்கு நேரே அவனுக்காக நான் இருபத்தைந்து முறை 'ஆம்' என்று எழுதினேன். எனக்காக அவனும் எழுதினான். என்ன பொருள் என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒரே நாளுல அம்பது கடை ஏறி எறங்கிட்டம் மாப்ள, காலு வலிக்குது" என்று அவன் காலை நீட்டினான். டீ கொட்டுகிற அளவுக்குச் சிரித்தோம்.

அந்த ஒரு மாதத்தில் உருப்படியாக நடந்தது அரை நாள். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிற ஒரு அக்கா வந்திருந்தார். ஆளுக்குப் பத்துக் கைக்குட்டையைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்குள் அனுப்பிவிட்டார். "விக்கிறது பெருசில்ல. வாங்காதவன் ஏன் வாங்கலன்னு கேட்டு வாங்க" என்றார். நான் இரண்டு விற்றேன். ஒரு கண்டக்டர், "தம்பி, வேர்வையத் தொடைக்கத் துண்டு குடு, வாங்குறேன். இதுல மூக்கத்தான் தொடைக்கலாம்" என்றார். அதைப் போய்ச் சொன்னபோது அந்த அக்கா முகம் அப்படி மலர்ந்தது. மறுபடி அவர் எப்போது வருவார் என்று அண்ணனிடம் கேட்டேன். "அந்தம்மாவுக்குப் பேசத் தெரியலப்பா" என்றார்.

வீட்டில் தட்டு அடிக்கிற மெஷின் வைக்க இடமில்லை. இருந்தது மாட்டுக் கொட்டம் ஒன்றுதான். அதில் இரண்டு பசுக்கள். அப்பா காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன்னால் போய் நிற்கிற இடம் அது. பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்துதான் அவருக்கு டீ. நான் கேட்கக்கூட இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவரே, "மாட்டத் தள்ளி விட்டுட்டா கொட்டத்துல மெஷின நிறுத்தலாம்ல?" என்றார். அடுத்த சந்தைக்கு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் கயிறு மட்டும் இருந்தது. படித்த மகன் சொல்கிறான், அந்த மகனுக்கு ஒரு பெரிய மனிதர் சொல்லியிருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையில் போன மாடுகள் அவை. மெஷின் ஓடினால்தான் அதற்கு ஒரு அர்த்தம்.

அம்மாதான் கேட்டாள். "ஏன்டா, நம்ம பக்கம் ஒரு பாக்கு மரமாச்சும் இருக்கா?"

"சேலத்துப் பக்கமிருந்து லாரியில வரும்மா."

"மட்டை அங்கிட்டு, மெஷினு இங்கிட்டா? அங்க இருக்கவனுக்குத் தட்டு அடிக்கத் தெரியாதாக்கும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா" என்றேன். இருபத்தைந்து தாளில் இல்லாத கேள்வியை அவள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள். அதற்கு நான் கொடுத்த பதில் அது.

வங்கிக் கடன் கிடைத்ததும், அண்ணன் சொன்ன கம்பெனியிலேயே மெஷின் வாங்கி நிறுத்தினேன். திறப்பு விழாவுக்கு அண்ணனே வந்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். அப்பாவை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையால் முதல் தட்டை எடுக்கச் சொல்லி, தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். அப்பா புது வேட்டியில், ஒரு கையில் சூடான தட்டோடு, வெட்கமாகச் சிரித்தார். "ஒங்க மகன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்புண்ணே" என்று அண்ணன் அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரைக் கும்பிட்டார்.

மட்டையை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நீர் வடியவிட்டு, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. சொல்லச் சுலபம். முதல் மழையில் அடுக்கி வைத்த தட்டுகள் முழுக்கப் பூசணம் பூத்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன் தம்பி." மறுநாள் செய்தேன். எடுக்கவில்லை. பூசணம் பிடித்த தட்டைப் படமெடுத்து அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பதில் வந்தது. தட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

வெயிலில் காயவைக்கிற பக்குவத்தை நானே கண்டுபிடித்து, நல்ல தட்டுகளாகப் பார்த்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். கல்யாணச் சமையல்காரர்களுக்கு இலை, தட்டு, தொன்னை எல்லாம் போடுகிற கடை. வாசலில் மேலூர்க்காரன் நின்றான். கையில் அதே மாதிரி ஒரு பை. என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். நானும் அதைத்தான் செய்தேன்.

"என்ன மாப்ள, இங்கிட்டு?"

"சும்மா... ஒரு ஆளப் பாக்க. நீ?"

"நானும் சும்மாதான்."

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் தாமரைதான? வாங்கப்பா வாங்க. ஒங்க வாத்தியாரு ஒருத்தரையாச்சும் ரோசாப்பூ போடச் சொல்லியிருக்கலாம்ல?"

கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மாதிரித் தட்டுகள். எல்லாவற்றின் நடுவிலும் எட்டு இதழ்த் தாமரை. ஓரத்தில் அதே நெளி. என் கொட்டத்தில், என் மெஷினில், எனக்கென்றே செய்த அச்சில் மட்டுமே பிறக்கிறது என்று நான் நினைத்திருந்த தாமரை.

"நம்ம ஊருக் கல்யாணத்துல எவன்ப்பா தட்டுல திங்கிறான்? வாழை எலை இல்லன்னா சம்பந்தி எந்திரிச்சுப் போயிருவான். கோயிலுல பிரசாதத்துக்குத் தொன்னைதான் கேக்குறாய்ங்க, தட்டுக் கேக்கல. எவனாச்சும் மொதல்லயே வந்து என்னய ஒரு வார்த்த கேட்டியளா?"

என் தாளில் இருபத்தைந்து கடைக்காரர்கள் ஆம் என்றிருந்தார்கள். அதில் ஒருவர்கூட இவர் இல்லை.

ரோட்டோரம் நின்றோம். மேலூர்க்காரன்தான் முதலில் கத்தினான். "மாசம் பூராவும் எஞ்சோத்தத் தின்னியேடா, ஒரு வார்த்த சொன்னியா?"

"நீ சொன்னியா?"

"என் மூஞ்சியப் பாத்ததும் தோணுச்சுன்னாருடா."

"எனக்கும் அதேதான்டா சொன்னாரு."

அவன் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. தன் முகத்தில் தனியாக ஒன்றும் இல்லை என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி.

எங்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் தவிர எதுவும் வராது. அவன் அங்கேயே தட்டைப் படம் பிடித்து அதில் போட்டு, 'இந்தத் தாமரை யாருது?' என்று எழுதினான். பிறகு ஒன்று வந்தது: 'என்னுது.' இன்னொன்று. 'என்னுதும்.' 'அடப்பாவி, என்னுதுடா அது.' வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மேலூர்க்காரன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "நீயும் போடு மாப்ள."

போன் என் கையில்தான் இருந்தது. குழுவை நடத்துகிறவர் அண்ணன். என் பெயரையும் பார்ப்பார். நாளைக்கு ஏதாவது ஆர்டர் அவர் மூலம் வரலாம். கொட்டம் கண்ணில் வந்து நின்றது. "அப்பறமாப் போடுறேன்" என்றேன்.

சற்று நேரத்தில் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அதைப் பார்த்துவிட்டு மேலூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். அதற்குப் பிறகு நான் செய்த போன்களை அவன் எடுக்கவில்லை.

மெஷின் கம்பெனிக்காரர் அண்ணனுக்கு மைத்துனர் முறை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னுடைய ஸ்பிரேயர் யோசனை அன்றைக்கு அந்த அறையில் இருந்தது. அதை அவர் எடுத்துக் கீழே வைத்த விதம்தான் இன்றும் உறுத்துகிறது.

மெஷின் வாரத்தில் இரண்டு நாள் ஓடியது, பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. வளர்த்து விற்றால் பாதிப் பங்கு என்று அப்பா யாரிடமோ வாரத்துக்குப் பிடித்து வந்திருந்தார். மட்டை ஊறவைக்கிற தொட்டியில் அது தண்ணீர் குடித்தது.

அந்த வாரம்தான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவராகவே. "தம்பி, புது பேட்ச் ஆரம்பிச்சிருக்கேன். நீ வந்து பேசணும். ஜெயிச்ச கதையச் சொல்லணும். நல்லாப் பேசு. ஒரு காலேஜ் கேன்டீன் ஆர்டர் இருக்கு, ஒனக்கே வாங்கித் தாரேன்."

போனேன். பொய் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து ஜெயித்த கதையைத்தான் ஒத்திகை பார்த்தேன். அந்த ஆர்டர் கிடைத்தால் மெஷின் ஓடும்.

அதே அறை, அதே நாற்காலிகள், முப்பது பேர். அண்ணன் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அப்பா. புது வேட்டி, கையில் தட்டு, வெட்கச் சிரிப்பு. பின்னால் சுவரோரம் காலியான தீவனத் தொட்டி தெரிந்தது. "மாடு மேய்ச்ச குடும்பம், இன்னைக்குத் தொழிலதிபர் குடும்பம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மைக் என் கையில் வந்தது. ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரே ஒண்ணு கேக்குறேன். அண்ணன் உங்களத் தனியாக் கூப்புட்டுச் சொன்ன தொழில் என்னன்னு, பக்கத்துல இருக்கவங்ககிட்ட இப்பவே சத்தமாச் சொல்லுங்க."

முன்வரிசையில் ஒருவர் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பின்னால் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில், கண் வைக்க வந்தவன் நான்தான் என்று தெரிந்தது. போன வருடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "தம்பி எப்பவுமே வெளையாட்டுப் புள்ள. வியாபாரத்துல கெட்டிக்காரன், அதான் அடுத்தவன் ரகசியத்தக் கேக்குறான்." அறை முழுக்கச் சிரித்தது. கை தட்டினார்கள். கேன்டீன் ஆர்டரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

கீழே இறங்கிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கும், புது பேட்சில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா பின்னாலேயே இறங்கி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "தம்பி, நெசமாத்தான் கேட்டியா? எல்லாருக்கும் ஒரே தொழிலத்தான் சொல்றாரா?" என்றார்.

"ஒங்களுக்கு என்னக்கா சொன்னாரு?"

என் காதுக்கு அருகே குனிந்து, "செக்கு எண்ணெ" என்றார். "மூஞ்சியப் பாத்ததும் தோணுச்சுன்னாரு."

"மேல போயி பக்கத்துச் சேருல இருக்கவங்ககிட்டச் சொல்லுங்கக்கா. அது போதும். கடன் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லிருங்க."

"சொன்னா பலிக்குமாப்பா?" என்றார். படியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, "நான் ஒங்கிட்டச் சொன்னத நீயும் யாருகிட்டயும் சொல்லிறாத, என்ன?" என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன். தலையாட்டியது தப்பு என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் பழைய குழுவைத் திறந்தேன். 'தாமரை என்னுதும்தான்' என்று போட்டேன். அதற்குக் கீழே, 'இந்த பேட்சுக்கு செக்கு எண்ணெ. தெரிஞ்சவுக யாராச்சும் அங்க இருந்தா இன்னைக்கே சொல்லிருங்க' என்று எழுதினேன். அனுப்பி முடித்து வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறும்போது நானும் அந்தக் குழுவில் இல்லை.

பிறகு மேலூர்க்காரனுக்குப் போன் செய்தேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்தான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் ஏதோ லாரி பின்பக்கமாக வருகிற சத்தம்.

"எட்டு மாசமாச்சு மாப்ள," என்றான், "ஒனக்கு வாயத் தொறக்க."

"ஆமா."

"மெஷின் ஓடுதா?"

"இல்ல. கன்னுக்குட்டி கட்டியிருக்கு."

"எனக்கு அதுவும் இல்ல" என்றான். சிரிக்கவில்லை. "எங்க அப்பாகிட்ட இப்பவும் ஆர்டரு வருது வருதுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நானும் வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இறங்கி வீட்டுக்குப் போனபோது அப்பா கொட்டத்தில் கன்றுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். "போன காரியம் என்னாச்சு?" என்று கேட்கவில்லை, அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. நானாகவே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அறைக் கதவு சாத்திய நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ஸ்பிரேயர் யோசனையையும் சொன்னேன்.

அப்பா புல்லைக் கீழே வைத்தார்.

"இத ஏன்டா மொதல்லயே சொல்லல?" என்றார்.